ஆயத்தக் கோட்டு அளவாக அமைந்ததா?

கல்லூரியின் விழா மலரிலே தமிழாசிரியர் ஒருவர் எழுதப் புகுந்தால், இலக்கிய நயம் பற்றியோ மொழித் தூய்மை பற்றியோ எழுதுவாரென அன்பர்கள் எதிர்பார்த்தல் இயல்பே. நாமோ கோட்டைப் பற்றி எழுதத் துணிந்தோம். கடையிலே தைத்துத் தொங்கவிடப்பட்டிருக்கும் கோட்டும் களிசானும் வாங்குவோனுடைய உடலுக்குச் செவ்வையாகப் பொருந்தியுள்ளனவா என்பதை அறிவது எங்ஙனம் என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள். சிரிப்பவர் சிரிக்கட்டும், ஆயினும் இறுதிவரை வாசித்தபின் சிரிக்குமாறு வேண்டுகின்றோம்.

நம்முடைய மாணாக்கன் ஒருவன் படிப்பை முடித்துக்கொண்டு முதன்முதலாக நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் நாளை எண்ணிப் பாருங்கள். வீட்டாரின் வற்புறுத்தலினாலோ, உடன் படித்தாரைப் பார்த்தோ, அவன் ஒரு 'சூட்' வாங்குகின்றான். அதற்குரிய பணம் பெரும்பாலும் அவனுடையதன்று. தாயார் சீட்டுக் கட்டிச் சேர்த்தது. அல்லது தமையன் கடன்பட்டுக் கொடுத்தது. குடும்பம் ஒரு மாதம் உண்ணக்கூடிய பணம் ஒரு மாலைப் பொழுதிலே கைமாறுகின்றது. வாங்கியவனோ தன் வாழ்நாளில் அதற்கு முன் கோட்டொன்றை அணிந்தவனல்லன். விற்பவர் "நன்றாயிருக்கிறது" என்கின்றார், கண்ணாடியும் எதிரே நிற்கின்றது, விலையும் பெரிதாயிருக்கின்றது. ஆகவே நன்றாகத்தான் இருக்கவேண்டுமென்று அவன் முடிவு செய்கின்றான். பரீட்சை நாளன்று ஒரு கை கோட்டின் முனையை இழுக்க, மறு கை தெறியைத் தடவ, கேள்வி கேட்போருடைய முகத்தில் இருக்கவேண்டிய கவனம் தன் தோளின்மேல் இருக்க, அவன் தனக்குத் தெரிந்ததையும் சொல்ல மறந்து திரும்புகின்றான். இஃது அற்பமான காரியமன்று.

மேனாட்டு உடை நமக்கு வேண்டுமா என்று கேட்பார் உளர். அக்கேள்வி புதிதன்று. 1905ஆம் ஆண்டிலே இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தைத் தோற்றுவித்தோருள் முன்னின்றவராகிய ஆனந்த குமாரசுவாமி அவர்கள், இரவற் சிறகுகள் என்று பொருள்படும் தலைப்பிலே ஆங்கிலத்திற் சிறு நூலொன்று வெளியிட்டு, அந்நியர் உடையை ஆராயாது மேற்கொள்வோரைக் கடிந்துரைத்தார். அவர் கருத்தை நாம் மதிக்கின்றோம். வேட்டியும் சால்வையும் தகும் இடத்தில் அவற்றையே அணிக. அவற்றினும் அழகிய ஆடை நமக்கில்லை. ஆயினும் வங்கியும் வாணிப நிலையமும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் கோட்டை எதிர்பார்க்கும் இடங்களாகவே இன்றும் இருக்கின்றன. திருமணத்தன்று காலையிலே வேட்டி உடுத்த மணமகன் மாலை வரவேற்பிலே கோட்டணிந்து நிற்பதும் நம்மிடையே வழக்காகிவிட்டது. அணிவதென்று துணிந்தபின், அதனை இரவற் சிறகு போலத் தொங்கவிடாது தன்னுடையதாக அணிதலே முறை.

நிற்க, 'ஆயத்த ஆடை' என்பது யாதென முதலில் அறிதல் வேண்டும். அளவுநாடா பரவலாக வழங்குமுன், மேனாட்டுத் தையற்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு காகிதக் கீற்றை வைத்து, அவருடைய அளவுகளை அதிலே வெட்டுக் குறிகளாற் பதிவு செய்தனர். கீற்று ஒன்று, மனிதர் ஒருவர். பின்னர் 1861 முதல் 1865 வரை நடைபெற்ற அமெரிக்க உள்நாட்டுப் போரிலே பல்லாயிரம் வீரருக்கு ஒருங்கே சீருடை தைக்க நேர்ந்தபோது, எந்த மார்பளவுக்கு எந்த இடையளவு பெரும்பாலும் வரும் என்ற கணக்கு பெரிய அளவிலே திரண்டது. அத்தகைய கணக்கின்மேல் எழுந்ததே இன்றைய ஆயத்தக் கோட்டு. அஃது உங்களைப் பார்த்துத் தைக்கப்பட்டதன்று; பலரைக் கூட்டிப் பங்கிட்டுப் பெற்ற ஒரு கற்பனை மனிதனைப் பார்த்துத் தைக்கப்பட்டது.

ஆதலின் கோட்டு பொருந்தவில்லையாயின் குற்றம் கோட்டினுடையதேயன்றி உடலினுடையதன்று. இதனை நாம் அழுத்திக் கூறுதற்குக் காரணமுண்டு. மெலிந்த தோளுடைய பிள்ளையும், பருத்த இடையுடைய பிள்ளையும், ஒரு தோள் சற்றே தாழ்ந்த பிள்ளையும் கண்ணாடியின் முன் நின்று தம்மையே நொந்துகொள்வதைக் காண்கின்றோம். அந்நோவு வேண்டாதது. இரண்டு தோளும் ஒரே மட்டத்திலுள்ள மனிதரைக் காண்பதே அரிதென்பதைத் தையற்காரர் எவரும் அறிவர்.

கோட்டிலே தைத்திருக்கும் எண்ணையும் அவ்வாறே கொள்ளல் வேண்டும். ஆங்கில முறையிலே 40 என்பது மார்பின் சுற்றளவை அங்குலத்திற் கூறுவது. ஐரோப்பியக் கண்டத்து முறையிலே ஏறக்குறைய அதே கோட்டு 50 எனக் குறிக்கப்படும். அது சுற்றளவிற் பாதியைச் சென்ரிமீற்றரிற் கூறுவது. இவ்வேறுபாடு அறியாதவன் 50 என்ற எண்ணைக் கண்டு திகைப்பான். எண்ணுடன் குட்டை, நடுத்தரம், நெட்டை என்ற நீள வகுப்பும் உண்டு. பலர் அதனை நோக்குவதேயில்லை. மேலும், 40 அளவுக் கோட்டுடன் சேர்த்து விற்கும் களிசான் பெரும்பாலும் 34 அங்குல இடையினது. ஆறங்குல வேறுபாடு என்னும் அக்கணக்குக்கு அமையாதவர் கோட்டையும் களிசானையும் வெவ்வேறளவிற் பொறுக்க இடந்தரும் கடையை நாடுவதே நன்று. எண் தேடலைத் தொடங்குதற்கு உதவும். தீர்ப்பு வழங்குவது உடல்.

இனி, பார்க்கும் முறைக்கு வருவோம். நாம் சொல்லப்போகும் யாவற்றுக்கும் அடிப்படையான விதி ஒன்றே: தையற்காரராற் பின்னர் திருத்த முடியாதவற்றைக் கடையிலே பாருங்கள், அவராற் திருத்தக்கூடியவற்றை அவருக்கு விடுங்கள். நம் பிள்ளைகள் இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர். கையின் நீளம் சரியாயிருக்கின்றது என்ற காரணத்தால் தோள் பொருந்தாத கோட்டை வாங்குகின்றனர். கையை அரை மணி நேரத்திற் குறைக்கலாம்; தோளைத் திருத்துவதோ கோட்டைப் பிரித்து மீளத் தைப்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே முதலிற் பார்க்கவேண்டியது தோள். கோட்டின் தோட்தையல் நம் தோளெலும்பு முடியுமிடத்திலே முடிந்து, அங்கிருந்து கை நேராக வழிந்து இறங்குதல் வேண்டும். தையல் எலும்பைக் கடந்து தொங்குமாயின், கையின் மேற்பகுதியிலே ஒரு பள்ளம் விழும். அது பெரிய கோட்டு. தையல் எலும்பை எட்டாதாயின், கைத்துணி இறுகிப் புடைக்கும். அது சிறிய கோட்டு. இதற்கு எளிய சோதனையொன்றுண்டு. சுவரின் அருகே பக்கவாட்டில் நின்று மெல்லச் சாயுங்கள். உங்கள் புயம் முதலிற் சுவரைத் தொட்டாற் கோட்டு அளவானது. தோளில் வைத்துத் தைத்த திண்டு முதலிற் சுவரில் முட்டிக் கசங்குமாயின், அக்கோட்டை மீண்டும் தொங்கவிட்டுவிடுங்கள். விலைக்கழிவு எத்துணையாயினும் மனம் இரங்கவேண்டாம்.

இரண்டாவது கழுத்து. கோட்டின் கொலர் உட்சட்டையின் கொலரை இடைவெளியின்றித் தழுவி நிற்றல் வேண்டும்; அதன் மேலே உட்சட்டை ஏறக்குறைய அரையங்குலம் தோன்றுதல் வேண்டும். பின்கழுத்திலே விரல் நுழையும் இடைவெளி இருப்பின், அல்லது கொலருக்குக் கீழே துணி சுருளாகத் திரண்டிருப்பின், அக்கோட்டு உங்கள் முதுகின் அமைப்புக்கு உரியதன்று. இக்குறையை நம் கண் காணாது. பின்னால் நிற்பவர் காண்பர். ஆகவே நம்பத்தகுந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுதல் நன்று. தனியே செல்பவர் கைத்தொலைபேசியிலே முதுகுப்புறத்தைப் படம்பிடித்துப் பார்க்கலாம்.

மூன்றாவது மார்பு. இரண்டு தெறியுடைய கோட்டாயின் மேற்றெறியை மட்டும் பூட்டுக. கீழ்த்தெறி பூட்டப்படுவதில்லை, ஏழாம் எட்வேர்ட் மன்னரின் பருத்த வயிற்றினால் வந்த வழக்கம் இஃதென்று ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும் கோட்டு அதற்கேற்பவே வெட்டப்படுகின்றது. பூட்டிய தெறியிலிருந்து நாற்புறமும் கோடுகள் இழுபட்டுப் பெருக்கற் குறிபோலத் தோன்றினாற் கோட்டு இறுக்கம். தெறிக்கும் வயிற்றுக்கும் இடையிலே விரித்த கை இலகுவாக நுழைதல் வேண்டும். மூடிய கை நுழைந்தும் துணி இழுபடவில்லையாயின் கோட்டு தளர்வு. மார்பின்மேல் மடிந்து கிடக்கும் பகுதி நெஞ்சிலே படிந்து கிடக்கவேண்டுமேயன்றிப் படகின் பாய்போல வளைந்து எழலாகாது.

நான்காவது, பலரும் அறியாதது: கை பொருத்தப்பட்டிருக்கும் குழி. அஃது அகன்றிருந்தாற் கையை வீசுதல் இலகுவாகுமென நினைத்தல் இயல்பு. உண்மை இதற்கு மாறானது. குழி தாழ்ந்து அகன்றிருக்கும் கோட்டிலே கையைத் தூக்கினாற் கோட்டு முழுவதும் உடன் எழும். குழி கமக்கட்டுக்கு அண்மையில் அமைந்த கோட்டிலே கை மட்டும் எழும், கோட்டு தன்னிடத்திலேயே நிற்கும். கரும்பலகையில் எழுதுவது போலக் கையை உயர்த்திப் பாருங்கள்; ஆசிரியரும் மாணவரும் எளிதிற் செய்யத்தக்க சோதனை இது.

ஐந்தாவது நீளம். கோட்டு பிருட்டத்தை மூடி நிற்றல் வேண்டும். பின்கழுத்தின் அடியிலிருந்து நிலம்வரையுள்ள தொலைவிலே ஏறக்குறையப் பாதிக்குக் கோட்டு இறங்குதல் தொன்றுதொட்ட கணக்கு. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளிலே குறுகிய கோட்டும் ஒட்டிய களிசானும் உலகெங்கும் நாகரிகமாயின. அக்காலத்துத் திருமணப் படங்களிலே பின்புறம் தெரிய நிற்கும் மணமகன்மாரைக் காணலாம். நாகரிகம் கழிந்தது, படம் நிற்கின்றது. நீளத்தை அங்குலமொன்றுக்கு மேல் குறைத்தாற் பைகள் விளிம்பை நெருங்கி அமைப்புக் கெடும். கூட்டுதலோ இயலவே இயலாது. கோட்டின் பின்பிளவுகள் நேராக மூடி நிற்கின்றனவா என்பதையும் அப்பொழுதே பார்த்துக்கொள்க. அவை வாய்திறந்து நிற்குமாயின் இடுப்புப் புறம் போதாதென்பது பொருள்.

இவ்வைந்தும் அமைந்த பின்னரே ஏனையவற்றை நோக்கல் வேண்டும். அவை தையற்காரருடைய ஆட்சிக்கு உட்பட்டவை. கை மணிக்கட்டெலும்பிலே முடிந்து, உட்சட்டையின் விளிம்பு அரையங்குலம் வெளித்தோன்றுதல் வேண்டும். கைத்தெறிகள் வெறும் அலங்காரமாயின் குறைத்தல் எளிது. உண்மையான தெறித்துளைகள் வெட்டப்பட்டிருப்பின் தோட்புறத்திலிருந்து குறைக்க நேரும், செலவு மிகும். இதனை வாங்குமுன்னே நோக்குக. கோட்டின் இடையைச் சற்று ஒடுக்கலாம். களிசானின் இடையை ஒடுக்கவும் கூட்டவும் கூடும். கூட்டுவதற்கு உள்ளே மடித்துவிட்ட துணி உண்டா என்று பின்தையலைத் திருப்பிப் பார்க்கவேண்டும். களிசானின் பக்கப் பைகள் காதுபோல விரிந்து நின்றால் இடுப்பு இறுக்கம். அதன் கால்விளிம்பு சப்பாத்தின்மேல் மெல்லத் தொட்டு ஒரு சிறு மடிப்போடு நிற்றல் போதும். துணி மூன்று நான்கு மடிப்பாகக் குவிந்து கிடத்தல் வறுமையின் அறிகுறியன்று, கவனமின்மையின் அறிகுறி.

அணிந்து பார்க்கும் வகையிலும் சில சொல்லவேண்டும். கோட்டுடன் எந்தச் சட்டையையும் சப்பாத்தையும் அணியப்போகின்றோமோ அவற்றையே அணிந்து கடைக்குச் செல்க. ரீசேட்டின்மேற் கோட்டைப் போட்டுப் பார்த்து அளவு காண்பது, மாவின்றி அரிதட்டைச் சோதிப்பது போலாம். கண்ணாடிமுன் மூச்சையடக்கி நிமிர்ந்து நில்லாது, வழக்கமாக நிற்பதுபோல நில்லுங்கள். பரீட்சையறையிலே மூச்சுவிட வேண்டுமன்றோ! தெறியைக் கழற்றி நாற்காலியில் அமருங்கள், எழுந்து நடவுங்கள், ஒருவருக்குக் கைகொடுப்பதுபோலக் கையை நீட்டுங்கள். குளிரூட்டிய கடையிலே சிறிது இறுக்கமாயிருந்த கோட்டு, யாழ்ப்பாணத்து நண்பகலிலே வியர்வையோடு சேரும்போது பெரிதும் இறுகுமென்பதையும் நினைவிற்கொள்க.

வாங்கியபின் செய்யவேண்டிய சிறு கடமையொன்றுண்டு. பின்பிளவுகளிலே பெருக்கற் குறியாக இட்டிருக்கும் நூலும், கையின் வெளிப்புறத்திலே ஓட்டியிருக்கும் பெயர்ச்சீட்டும், கோட்டு கசங்காதிருத்தற்காகவும் கடைக்காரரின் வசதிக்காகவும் தைக்கப்பட்டவை. அவற்றைப் பிரித்தெடுத்தல் வேண்டும். அச்சீட்டை விருதுச் சின்னம்போலத் தாங்கி மேடையேறும் இளைஞரை நாம் காண்கின்றோம். அவரைக் கண்டு சபையிலே சிரிப்போரையும் காண்கின்றோம். சொல்லிக் கொடுக்காத பாடத்தில் ஒருவன் தவறினால், சிரித்தற்கு உரியவர் எவருமில்லர்.

இங்கேதான் நம் கருத்தை வெளிப்படையாகக் கூற விரும்புகின்றோம். 1977ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரக் கொள்கைக்குப் பின் ஏற்றுமதி ஆடைத்தொழில் இந்நாட்டிலே பெருகி, கைத்தொழில் ஏற்றுமதிகளுள் முதன்மை பெற்றது. உலகத்தாருக்கெல்லாம் ஆடை தைத்தனுப்பும் நாட்டிலே, நம் பிள்ளை தன் மார்பளவை அறியாது கடைவாசலில் நிற்கின்றான். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தகப்பனாரோ மாமனாரோ சொல்லிக் கொடுப்பர். தோட்டத்திலும் கடலிலும் உழைக்கும் தந்தையுடைய பிள்ளைக்கு அதனைச் சொல்லிக் கொடுப்பார் யார்? அவனுடைய கல்வியில் நாம் குறை வைக்கவில்லை. வாசலிலே தடுக்கும் இந்தச் சிறு கல்லை மட்டும் அகற்றாது விட்டோம். ஆள் பாதி, ஆடை பாதி என்னும் பழமொழியை நாம் முழுவதும் ஏற்பதில்லை. ஆயினும் ஆடையைப் பற்றிய அச்சம் ஆளிற் பாதியை விழுங்கிவிடும் என்பதை ஏற்கின்றோம்.

ஆகவே பழைய மாணவ அன்பர்களிடத்து இரண்டு விண்ணப்பங்கள். முதலாவது, ஆண்டுதோறும் உயர்தர வகுப்பு மாணவர் கல்லூரியை விட்டுச் செல்லுமுன் ஒரு பிற்பகலை ஒதுக்கி, அனுபவமிக்க தையற்காரர் ஒருவரை அழைத்து, மேற்கூறியவற்றைக் கண்முன் செய்து காட்டச் செய்யுங்கள். ஒவ்வொருவனுடைய மார்பும் இடையும் கையும் அளந்து எழுதிக் கொடுக்கப்படுதல் வேண்டும். அத்தையற்காரருக்கு ஆசிரியருக்குரிய மரியாதை செய்யப்படுதல் வேண்டும். இரண்டாவது, உங்கள் அலுமாரிகளிலே உடல் பருத்தமையாற் பயன்படாது தொங்கும் நல்ல கோட்டுகளைச் சங்கத்துக்கு அளியுங்கள். நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் மாணவன் அவற்றுள் தன் தோளுக்கு அமைந்ததொன்றைத் தெரிந்தெடுக்கட்டும். கையையும் களிசானையும் அவனளவுக்குத் திருத்தும் கூலியைச் சங்கம் கொடுக்கட்டும். கோட்டை மட்டும் கொடுத்துத் திருத்தக் கூலி கொடாது விடுதல், ஏட்டைக் கொடுத்து எழுத்தாணியை மறைத்தல் போலாம்.

புதிதாக வாங்குவோருக்கும் இதுவே நம் யோசனை: கையிலுள்ள பணம் முழுவதையும் கடையிலே கொடாது, ஒரு பங்கைத் தையற்காரருக்கென மீதி வையுங்கள். மலிவான கோட்டு தோளிற் பொருந்தித் தையற்காரர் கையால் திருத்தம் பெற்றதாயின், பொருந்தாத உயர்விலைக் கோட்டினும் பன்மடங்கு சிறந்து தோன்றும்.

செவ்வையாக அமைந்த கோட்டை அணிந்தவன் சிறிது நேரத்திலே அதனை மறந்துவிடுவான். எதிரே இருப்பவரும் மறந்துவிடுவர். அதன்பின் அந்த அறையிலே பேசப்படுவது அவன் கற்ற கல்வியும் அவனுடைய குணமுமேயாம். அவை இரண்டும் நம் கல்லூரி அவனுக்கு அளந்து தைத்துக் கொடுத்தவை; அவற்றிலே நமக்கு ஐயமில்லை.